பதின்மூன்று மணி நேரம்: ஹெல்சிங்கி – டோக்கியோ வான்வழியின் கதை

2022 மார்ச் மாதத்தில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குக் கிளம்பிய, பின்லாந்தின் ஃபின்னேர் விமானம், பழகிய சைபீரிய வழியை விட்டு விலகி வடக்கே ஏறியது. நார்வேயைக் கடந்து, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பக்கமாகப் போய், துருவப் பனிக்கடலின் மேலாக உலகின் மறுபுறம் இறங்கி, அலாஸ்காவை ஒட்டிப் பசிபிக் கடலுக்குள் வளைந்து, நரிட்டா விமான நிலையத்தில் தரை தொட்டபோது ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகியிருந்தது. சில வாரங்களுக்கு முன்புவரை அதே பயணத்துக்கு ஒன்பதரை மணி நேரம் போதும். விமானம் அதே ஏர்பஸ் ஏ350 வகைதான். இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கணினியில் தட்டினால் தூரமும் நேரமும் அடுத்த நொடியில் வந்து நிற்கும். ஹெல்சிங்கிக்கும் நரிட்டாவுக்கும் இடையே சுமார் 7,800 கி.மீ. என்று வரும். அதைச் சராசரி வேகத்தால் வகுத்து, ஒன்பது மணிச் சொச்சம் என்று நேரமும் வரும். தூரம் சரி. நேரம் மட்டும் 2022 பிப்ரவரியின் கடைசி நாட்களில் தவறாகிப்போனது. தூரத்துக்கும் நேரத்துக்கும் நடுவே வகுத்தல் கணக்குக்குள் அடங்காத ஒன்று நிற்கிறது: வழியில் இருக்கும் நாடு நம்மைத் தன் வானத்தில் விடுகிறதா, இல்லையா? இந்த ஒரு வழித்தடம் 1983இல் 13 மணி நேரமாக இருந்து, ஒன்பதரையாகச் சுருங்கி, மறுபடி 13ஆக நீண்டிருக்கிறது. தொழில்நுட்பம் வளர வளர உலகம் சுருங்கிக்கொண்டே போகும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையை இந்த வழித்தடம் போல எதுவும் அசைத்ததில்லை.

நூல் பிடித்த கோடு

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் ஹெல்சிங்கி இடப்பக்கம் மேலே இருக்கும்; டோக்கியோ வலப்பக்கம் கீழே. அடிக்கோல் வைத்து இரண்டையும் இணைத்தால் கோடு கஜகஸ்தான், மங்கோலியா, சீனா என்று தென்கிழக்காகச் சரிந்துகொண்டே போகும். இதுதான் குறுக்குவழி என்று கண் நம்பிவிடும். மேசை மேல் வைக்கும் உலக உருண்டையில் ஒரு நூலின் இரு முனைகளையும் இந்த இரண்டு ஊர்களில் அழுத்திப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குறுக்குவழி ஹெல்சிங்கியிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 67 பாகை வடக்கு அட்சரேகை வரை ஏறுகிறது. சுரங்கத் தொழிலாளர் நகரமான வர்க்குத்தாவின் பக்கத்தில் உச்சியைத் தொட்டு, அங்கிருந்து சைபீரியாவின் குறுக்கே இறங்குகிறது. ஜப்பான் தெற்கே இருக்கிறது. அதற்குப் போகும் மிகக் குறுகிய வழி முதலில் வடக்கே ஏறுகிறது. பெருவட்டப் பாதை என்று மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். உருண்டையின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வடுதான் அந்தப் பாதை.

ஹெல்சிங்கி – டோக்கியோ கோடு உருண்டையின் மையத்தில் 70 பாகைக்குச் சற்றே கூடுதலான கோணத்தை அமைக்கிறது. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 7,800 வந்துவிடும். பூமி துருவங்களில் கொஞ்சம் சப்பையானது. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்த வேறுபாட்டையும் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் விடை சில பத்துக் கிலோமீட்டர் நகரும், அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. அந்த நூல் எந்த நாட்டின் மேல் கிடக்கிறது என்று பார்த்தால், பின்லாந்தின் எல்லையைத் தாண்டியதிலிருந்து ஜப்பான் கடல்வரை ஏறக்குறைய முழுவதும் ரஷ்யாவின் மேல் கிடக்கிறது. சீனாவின் வடகிழக்கு மூலையை மட்டும் கொஞ்சம் உரசிச் செல்கிறது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே அந்த நாடு ஒரு நீண்ட திண்ணை போலப் படுத்திருக்கிறது. திண்ணைக்காரர் மனம் வைத்தால் ஒன்பதரை மணி. வைக்காவிட்டால் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஆங்கரேஜில் ஒரு கிண்ணம் உடோன்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகிறவர்கள் மத்தியக் கிழக்கு, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்காசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறிப் போனார்கள். ஐம்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சோவியத் வானம் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைத் தொடாமல் போக ஒரு வழி கண்டவர்கள் ஸ்காண்டிநேவியர்கள். 1957 பிப்ரவரி 24 அன்று எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவப் பயணத்தைத் தொடங்கியது. நான்கு விசிறிகள் கொண்ட டி.சி.-7சி விமானம். பயண நேரம் 32 மணியளவுக்குக் குறைந்தது.

துருவத்துக்கு அருகில் போவது அன்றைக்குச் சாதாரண வேலை இல்லை. காந்த முள் அங்கே உதவாது. வட காந்த முனை புவியியல் துருவத்திலிருந்து அன்று வெகுதூரம் தள்ளிக் கிடந்தது, முள் எந்தப் பக்கம் காட்டும் என்று நம்ப முடியாது. தீர்க்கரேகைகளும் அங்கே கைவிட்டுவிடும். எல்லாம் ஒரு புள்ளியில் வந்து குவிவதால், நேராகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் திசையே நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதுபோலக் கணக்கில் தெரியும். அதனால் வரைபடத்தின் மேல் சதுரக் கட்டம் ஒன்றைக் கற்பனையாக விரித்து, அந்தக் கட்டத்தின் வடக்கையே வடக்காக வைத்துக்கொண்டு, நுட்பமான சுழல்காட்டியை நம்பிப் பறந்தார்கள். வழியறிவாளர் ஒருவர் சூரியனையோ விண்மீன்களையோ பார்த்து அவ்வப்போது திருத்தம் சொல்வார்.

ஆங்கரேஜ் அடுத்த முப்பது ஆண்டுகளில் ஜப்பானியர்களின் நினைவில் ஓர் ஊராகவே பதிந்துபோனது. ஐரோப்பா போகும் ஜப்பானியரில் பெரும்பாலோர் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பும்வரை காத்திருப்பார்கள். தீர்வையில்லாக் கடைகளில் ஜப்பானிய மொழி பேசும் பணியாளர்கள் இருந்தார்கள். பாடம் செய்து நிறுத்திய பனிக்கரடி ஒன்று நின்றது. உடோன் நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்றும் இருந்தது. அந்த உடோனின் சுவையை நினைவுகூரும் ஜப்பானியர்கள் இன்றும் இருக்கிறார்கள். வான்வழியில் ஒரு கதவு மூடியிருந்ததால் மட்டுமே உருவான பண்பாடு அது.

சோவியத் வானம் முழுக்கப் பூட்டியே கிடந்தது என்றும் சொல்ல முடியாது. 1967இல் ஜப்பான் ஏர்லைன்ஸும் சோவியத் நிறுவனமான ஏரோஃப்ளோட்டும் சேர்ந்து மாஸ்கோ – டோக்கியோ சேவையைத் தொடங்கின. விமானமும் விமானிகளும் சோவியத்தினுடையவை. 1970இல் ஜப்பானிய விமானங்களே மாஸ்கோவில் இறங்கி ஐரோப்பா போக அனுமதி கிடைத்தது. கதவு ஒரு விரலளவு திறந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆங்கரேஜ்தான்.

1983 ஏப்ரலில் ஃபின்னேர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டி.சி.-10 விமானத்தை ஹெல்சிங்கியிலிருந்து கிளப்பி, துருவத்தின் மேலாகக் கொண்டுபோய், ஆங்கரேஜில்கூட இறங்காமல் நேரே டோக்கியோவில் இறக்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் பறந்த முதல் விமான நிறுவனம் அதுதான். நேரம், 13 மணி அளவு. ஒரு சின்ன நாட்டின் நிறுவனம், பெரிய நிறுவனங்கள் செய்யத் தயங்கியதைச் செய்துகாட்டியது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை என்பதற்காக ஊரைச் சுற்றி நடந்த கதை என்றாலும் எனக்கு அதில் மரியாதை உண்டு.

இப்படிச் சுற்றிப் போவதில் ஆபத்தும் இருந்தது. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோல் போகவேண்டிய கொரிய விமானம் துருவத்துக்கு அருகே திசை தவறி ஏறக்குறைய வந்த பக்கமே திரும்பியது. கோலா தீபகற்பத்துக்குள் நுழைந்த அதைச் சோவியத் போர் விமானம் சுட்டது. அடிபட்ட போயிங் 707ஐ விமானி உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கினார், இருவர் இறந்தனர். 1983 செப்டம்பர் 1 அன்று நடந்தது அதைவிடக் கொடியது. ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம் 007, தானியங்கி ஓட்டத்தின் அமைப்பில் நேர்ந்த ஒரு தவறால் மெல்ல மெல்ல வடக்கே விலகி, கம்சாத்கா, சகாலின் மேலாகப் போனது. சகாலினுக்கு அருகே கடலில் வீழ்த்தப்பட்டது. 269 பேரும் இறந்தார்கள். ஃபின்னேரின் டோக்கியோ சேவை தொடங்கி ஐந்து மாதம்கூட முழுமையாகவில்லை. அதன் விமானமும் அதே வடபசிபிக் கரையோரமாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, கட்டுமானத்தில் இருந்த ஜி.பி.எஸ். வசதியை முடிந்ததும் பொதுமக்களின் விமானங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. இன்று நம் கைப்பேசி ஆட்டோக்காரருக்கு வழிசொல்வதன் பின்னால் அந்த 269 உயிர்களும் இருக்கின்றன.

24 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று

1980களின் கடைசியில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. நீண்ட தூரம் பறக்கும் போயிங் 747-400 போன்ற விமானங்கள் சேவைக்கு வந்தன. சோவியத் ஒன்றியம் தளர்ந்து, 1991இல் கலைந்தது. சைபீரியாவின் மேல் வழி அகலமாகத் திறந்தது. ஆங்கரேஜின் பயணிகள் கூடம் சில ஆண்டுகளில் வெறிச்சோடியது. சரக்கு விமானங்கள் மட்டும் இன்றுவரை அங்கே இறங்குகின்றன.

இந்தத் திறப்பில் மிக அதிகமாகப் பயன்பெற்ற ஊர் ஹெல்சிங்கி. லண்டன், பாரிஸ், பிராங்பர்ட் எதை எடுத்தாலும் அதைவிட ஹெல்சிங்கி டோக்கியோவுக்கு அருகில். போக ஒன்பதரை மணி நேரம், வரப் பத்து மணிச் சொச்சம். இரண்டு பக்கமும் தரையில் நிற்கும் நேரத்தைக் கூட்டினாலும் ஒரு விமானம் 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றை முடித்து, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி கிளம்பிவிடலாம். விமானத் தொழிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பல கோடி டாலர் பெறுமான இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் நட்டம். 24 மணிக்குள் சுற்று முடிந்தால் ஒரு விமானத்தைக் கொண்டே அன்றாடச் சேவை நடத்தலாம். முடியாவிட்டால் இரண்டாவது விமானம் வேண்டும். போக 13, வர 13 என்றால் பறக்கும் நேரமே 26 மணி. மூன்றரை மணி நேரம் கூடியதாகப் பயணி உணர்வது, நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு விமானமாக விழுகிறது. ஆசியாவுக்கு இதுதான் குறுக்குவழி என்று சொல்லியே ஃபின்னேர் முப்பது ஆண்டுகள் தன்னை வளர்த்தது. ஹெல்சிங்கி விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய, சீன எழுத்துகளும் ஏறின, ஒருகாலத்து ஆங்கரேஜ் போல.

இந்தக் காலகட்டத்தில் விமானங்களின் வேகம் கூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707 மணிக்கு 900 கி.மீ. அளவில் பறந்தது. இன்றைய ஏ350ம் ஏறத்தாழ அதே வேகம்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 32 மணியை ஒன்பதரையாக்கியதில் முதல் பங்குதான் ஜெட் எஞ்சினுடையது. மிச்சம், இறங்காமல் போகும் திறனும் திறந்த வானமும் கொடுத்தவை.

திறந்த வானம் என்றாலும் இலவசம் இல்லை. 1944இல் சிகாகோவில் கூடிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தின் மீது முழுமையான, பிறர் தலையிட முடியாத இறைமை உண்டு என்கிறது. தரையிறங்காமல் கடந்துபோகும் உரிமையை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளத் தனியே இன்னோர் ஒப்பந்தம் எழுதினார்கள். சோவியத் ஒன்றியம் அந்த மாநாட்டுக்கே வரவில்லை. ரஷ்யா அந்தக் கடப்பு ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. அதனால் சைபீரியாவைக் கடந்த ஐரோப்பிய நிறுவனங்கள் வழக்கமான வழிநடத்தல் கட்டணத்துக்கு மேல் இன்னொரு தொகையும் கொடுத்தன. அந்தப் பணம் ஏரோஃப்ளோட்டுக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் முறையிட்டும் அது முழுக்க ஒழியவில்லை. ஒன்பதரை மணி நேரத்துக்கு ஒரு விலை எப்போதும் இருந்தது. பயணச்சீட்டில் அது தனியாகத் தெரியவில்லை.

கதவு அடைபட்ட பிறகு

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. 27ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. அந்தச் சில நாட்களில் ஹெல்சிங்கியின் இருப்பிடமே மாறிப்போனது. ஆசியாவுக்கு மிக அருகில் இருந்த ஐரோப்பிய ஊர், மூலையில் ஒதுங்கிய ஊராகியது.

ஃபின்னேருக்கு இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, தெற்கே இறங்கிக் காக்கசஸ், மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று சுற்றுவது. மற்றது, 1983இன் பழைய துருவ வழி. துருவ வழியின் தூரத்தை நானே கணக்கிட்டேன். ஹெல்சிங்கியிலிருந்து துருவம் 3,300 கி.மீ.; துருவத்திலிருந்து பெரிங் நீரிணை 2,650 கி.மீ. அளவு, அங்கிருந்து டோக்கியோ 4,650 கி.மீ.க்குச் சற்று மேல். கோடுகளை ஒட்டவைத்தாலே 10,600 கி.மீ. ஆகிறது. ரஷ்யக் கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் பறக்கவேண்டும் என்பதால் உண்மையான பாதை இதைவிட நீளம். கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவும் எரிபொருள். அதற்கு ஈடாகச் சரக்கைக் குறைக்கவேண்டியிருக்கும்.

துருவ வானில் இன்றும் கவனிக்கவேண்டியவை உண்டு. பயணிகள் விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். துருவத்தின் மேல் வெளிக்காற்று மைனஸ் 60க்கும் கீழே போவதுண்டு. விரைவாகப் பறப்பதால் இறக்கைத் தோலில் உராயும் காற்று கொஞ்சம் சூடேறும் என்பது ஒரு பாதுகாப்பு. அதையும் மீறித் தொட்டியின் வெப்பம் குறைந்தால் விமானி உயரத்தைக் குறைப்பார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் 80 பாகைக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அங்கே பேச்சுக்குப் பழைய சிற்றலை வானொலியும் கைகொடுக்கவேண்டும். சூரியப் புயல் அடித்தால் அதுவும் கெட்டுப்போகும். வழியில் இறங்கவேண்டி வந்தால் வெளியே போய் வேலை பார்க்கக் கடுங்குளிர் உடைகள் விமானத்தில் இருக்கவேண்டும். 1983இல் மூன்று எஞ்சின் வேண்டியிருந்த இடத்தில் இன்று இரண்டு போதும். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் பழுதானால், மிச்சமுள்ள எஞ்சினோடு எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டவேண்டும் என்ற வரம்பு முன்பு 60 நிமிடமாக இருந்தது, 1985இல் 120 ஆனது. ஏ350 வகைக்கு அது 370 நிமிடம் வரை நீட்டப்பட்டிருக்கிறது.

ஆக, தொழில்நுட்பம் வளரத்தான் செய்தது. எரிபொருள் செலவு குறைந்தது, எஞ்சின் நம்பகமானது, வழியறிவாளரின் இடத்தில் கருவி வந்தது. அத்தனையும் சேர்ந்தும் கடிகாரத்தில் 1983இன் அதே 13.

எஸ்பெராண்டோவில் எழுதிய காற்று

இரண்டு நிலையங்களுக்கு இடையே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஜப்பானுக்கு மேலே, 10 கி.மீ. உயரத்தில், குளிர்காலத்தில் உலகின் மிக வலுவான மேற்குக் காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்ற பெயரில் வானிலைக்காரர்கள் சொல்லும் தாரைக் காற்று இது. இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே டடேனோ ஆய்வகத்திலிருந்து 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகரும் விதத்தைக் கருவியால் பார்த்து, 9 கி.மீ. உயரத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான காற்று இருப்பதைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கவேண்டும் என்ற ஆசையில் 1926இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். யாரும் படிக்கவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் தடுமாறியபோதுதான் அவர்களுக்கு அது தெரியவந்தது. எல்லோருக்கும் பொதுவான மொழியை நம்பிய ஒரு மனிதரின் கண்டுபிடிப்பு, போரின் வழியாகவே உலகை எட்டியது. எனக்கு இது மறக்க முடியாத வருத்தம்.

அந்தக் காற்று கணக்கில் எப்படி விழும்? 7,800 கி.மீ. தூரம், காற்றில்லாத வேகம் 900 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 8 மணி 40 நிமிடம். பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று தள்ளினால் 7 மணி 48 நிமிடம். அதே காற்று எதிரே வந்தால் 9 மணி 45 நிமிடம். மிச்சமானது 52 நிமிடம், இழந்தது 65. எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கிக்கொள்வதால் போய்வரும் கூட்டுக்கணக்கில் காற்று எப்போதும் திருடிக்கொண்டுதான் போகும்.

ரஷ்யா மூடிய பிறகு இந்தக் காற்றே வழியைத் தேர்ந்துகொடுத்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும்போது பெரும்பாலும் தெற்கு வழி: காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது பெரும்பாலும் அலாஸ்காவும் ஆர்க்டிக்கும்: எதிர்க்காற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். ஜப்பானிய நிறுவனங்களும் இப்படித்தான் பறக்கின்றன. போய்வரும் பயணி ரஷ்யாவை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிடுகிறார். நள்ளிரவை ஒட்டி டோக்கியோவிலிருந்து கிளம்பித் துருவத்தின் வழியே ஹெல்சிங்கி வந்தால், குளிர்காலத்தில் ஏறத்தாழ முழுப் பயணமும் இருட்டில் கழியும். தேதிக்கோட்டைத் தாண்டியதும் நாட்காட்டி ஒரு நாள் பின்னே போகும். துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒன்றாகிவிடுவதால் மணி என்ன என்ற கேள்விக்கே அங்கே பொருள் இல்லை.

எல்லோருக்கும் 13 என்றும் இல்லை. சீன நிறுவனங்களுக்கு ரஷ்யா வானத்தை மூடவில்லை. அதனால் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஒரே இரண்டு நிலையங்களுக்கு இரண்டு நேரங்கள் உண்டாயின. விமானத்தின் வாலில் எந்த நாட்டின் பெயர் என்பதைப் பொறுத்தது அது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் லண்டன் – பெய்ஜிங் சேவையை நிறுத்திவைத்தது. இந்திய விமானங்களுக்கும் ரஷ்ய வானம் திறந்தே இருந்தது. 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யத் தூரக் கிழக்கின் மகதானில் இறங்கியதும், 200க்கும் மேற்பட்ட பயணிகள் மாற்று விமானம் வரும்வரை அந்தச் சிறு நகரில் காத்திருந்ததும் இந்தத் திறந்த வானத்தின் மறுபக்கம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டெல்லிக்கும் தாஷ்கண்டுக்கும் இடையே 1,600 கி.மீ.கூட இல்லை, டெல்லியிலிருந்து சென்னை அதைவிடத் தூரம். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. நான்கு நாட்களுக்குள் இண்டிகோ தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை நிறுத்தியது. சுற்றிக்கொண்டு போகும் தூரம் அதன் விமானங்களின் எட்டும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. சென்னையைவிட அருகில் இருந்த ஊர், ஒரு வாரத்துக்குள் எட்டாத ஊராகியது.

கொக்கலயின் ஏரி

வானம் இப்படிப் போரால் அடைபடுவது புதிதல்ல. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தபோது ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்தது. மறுபடி இணைக்க 1943 நடுவில் ஒரு வழி கண்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிவரை, இந்தியப் பெருங்கடலின் குறுக்கே 5,650 கி.மீ., இடையில் எங்கும் இறங்காமல். ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் காட்டலினா என்னும் கடல் விமானங்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்மீனின் பெயர். ஜப்பானியர் கேட்டுவிடக் கூடாது என்பதால் வானொலி மௌனம். வழியறிய விண்மீன்கள்தான். மூன்றே பயணிகளும் கொஞ்சம் தபாலும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 27 முதல் 33 மணி நேரம்வரை ஆகும்; பயணிகள் சூரியன் இரண்டுமுறை உதிப்பதைப் பார்ப்பார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. இன்று அதே தூரத்தை ஒரு சாதாரண ஜெட் ஏழு மணி நேரத்துக்குள் பறந்துவிடும்.

அந்தப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: இரட்டை உதயத்தின் இரகசியச் சங்கத்தில் இவர் உறுப்பினர் என்று. எஸ்.ஏ.எஸ். நிறுவனமும் 1950களில் துருவம் கடந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது. 2022இல் ஃபின்னேர், டோக்கியோ விமானத்தில் வட துருவத்தைக் கடந்தவர்களுக்கு மறுபடி ஒரு சான்றிதழ் அச்சடித்தது; கூடவே பெட்டியில் ஒட்ட வில்லைகளும் தந்தது. சைபீரியாவின் மேல் ஒன்பதரை மணி நேரம் பறந்த அந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலான பயணிகள் சன்னல் திரையை இறக்கிவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.